படிக்காமல் போட்ட கையெழுத்து

கனடாவுக்கு வரத் தகுதியில்லை என்று என்னை நிராகரித்த அதிகாரி ஒருவர்தான் முதல் விண்ணப்பத்தில் என் காகிதங்களைப் படித்தவர். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், முத்திரை குத்தினார்கள், ஸ்கேன் செய்தார்கள், வாழ்த்தினார்கள். படிக்கவில்லை. இது எனக்குப் புரிய ஏழு மாதம் பிடித்தது.

திறன் பணியாளர் பிரிவில் குடியேற விண்ணப்பிப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வயது, படிப்பு, ஆங்கிலத் தேர்வு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை போதுமானால் அழைப்பு வரும். வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள், சொன்னதையெல்லாம் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். படிப்புக்குச் சான்றிதழ் இருந்தது. ஆங்கிலத்துக்குத் தேர்வு முடிவு இருந்தது. வேலைக்கு, நான்கு வருடம் இருந்த பழைய கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தேன். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விழுந்தேன்.

போக விரும்பியதற்கு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது. நல்ல சம்பளம், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு வீடு, மாடிப்படியில் நிறுத்தி 'இன்னும் ஒண்ணும் அமையலையா' என்று கேட்காத அக்கம்பக்கம். எனக்கு இந்த மூன்றும் போதும்.

முதல் தடவை ஒரு கன்சல்டன்சியிடம் போனேன். தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வரவேற்பறைச் சுவரில் நான்கு கடிகாரங்கள்: சென்னை, லண்டன், டொரண்டோ, சிட்னி. டொரண்டோவில் எப்போது போனாலும் மணி இரண்டேகால். ஒரு பேட்டரி மாற்றிப் போடத் துப்பில்லாதவர்கள் என் எதிர்காலத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன், மனதில் குறித்துக்கொண்டேன், அப்படியும் கையெழுத்துப் போட்டேன். கணினிப் பொறியியல் படித்தவள்.

அங்கே என் கோப்பைக் கவனித்தவர் டை கட்டிய ஓர் ஆலோசகர். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மேடம்' வைப்பார். ஊறுகாய் மாதிரி, அது இல்லாமல் அவருக்கு எதுவும் இறங்காது.

"ஒர்க் லெட்டருக்கு நம்மகிட்ட ஃபார்மட் இருக்கு மேடம். நீங்க எதுவும் எழுத வேணாம். பேர், கம்பெனி, தேதி மட்டும் மாத்துங்க."

"நான் என்ன வேலை செஞ்சேன்னு?"

"அதுவும் அதுலயே இருக்கு மேடம். உங்க வேலைக்கு என்னென்ன ட்யூட்டின்னு அவங்க கவர்ன்மெண்டே வெப்சைட்ல போட்டிருக்கான். அதையே வார்த்தை மாறாம எடுத்து வெச்சிருக்கோம். ஆபீசர் டிக், டிக், டிக்குன்னு போட்டுட்டுப் போயிட்டே இருப்பான்."

இது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதுதான் விஷயம். பன்னிரண்டு வருடம் பள்ளியில், நான்கு வருடம் கல்லூரியில், நான் பெற்ற ஒவ்வொரு முழு மதிப்பெண்ணும் இப்படித்தான் வந்தது. வரையறை கேட்டால் புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டும். சொந்த வாக்கியத்தில் எழுதினால் அரை மதிப்பெண் போகும். அறிவியல் டீச்சர் ஒருவர் என் விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறார்: "பாருங்க, ஒரு கமா கூட மாறல." அந்தக் கமாவுக்காக எனக்குக் கை தட்டினார்கள். ஆகவே ஒரு நாட்டின் அரசாங்கமே விடையை வெளியிட்டிருக்கிறது என்றால், அதைப் பிசகாமல் திருப்பி எழுதுபவளுக்குத்தான் இடம் என்று நினைத்தேன். ஒன்பது வரிகள். அந்த ஒன்பதில் இரண்டைத்தான் நான் வாழ்க்கையில் செய்திருக்கிறேன். மிச்சம் ஏழும் எனக்குப் பொருத்தமான உடைபோலத் தெரிந்தன.

பழைய கம்பெனியில் என் மேலாளராக இருந்தவரை அவர் அலுவலக வாகன நிறுத்தத்தில் பிடித்தேன். காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, "எங்க போடணும்மா?" என்றார். காட்டினேன். போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. மனிதவளப் பிரிவில் ஒரு பெண் முத்திரை வைத்தாள். அவள் பார்த்ததும் கையெழுத்து இருக்கிறதா என்பதை மட்டும்தான். அம்மா அந்தக் காகிதக் கட்டை மயிலாப்பூருக்கு எடுத்துப்போய்ப் பிள்ளையார் காலடியில் வைத்து, மூலையில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தாள். அவரும் படிக்கவில்லை.

நிராகரிப்புக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், புது அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே வந்தது. வேலை அனுபவம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வாக்கியம். கூட்டம் முடியும்வரை குறிப்பு எடுத்தேன். அன்றைய குறிப்புகள் நன்றாகவே இருக்கின்றன.

சனிக்கிழமை கன்சல்டன்சிக்குப் போனேன். பாத்திரக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாமா, நீ இன்னும் போவலியா? போய்டுவேன்னு சொல்லிக்கினு இருந்தியே."

"ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"அதான பாத்தேன். மேல ஏறசொல்ல அல்லாரும் சிரிச்சிக்கினு ஏறுறாங்கோ. எறங்கசொல்ல ஒருத்தரும் நம்மள பாக்க மாட்றாங்கோ. லிப்டு வேற ரிப்பேரா கீது, பாத்து ஏறு."

மேலே டொரண்டோவில் மணி இரண்டேகால்.

"ஆபீசர் மூடு மேடம்," என்றார் ஆலோசகர். "அன்னிக்கு அவனுக்கு வீட்ல என்ன சண்டையோ. இதே லெட்டர்ல எத்தனை பேரு போயிருக்காங்க தெரியுமா."

"இதே லெட்டர்லயா?"

"இதே லெட்டர் மேடம்." பெருமையாகச் சொன்னார். "ரீ-அப்ளைக்கு நம்மகிட்ட தனி பேக்கேஜ் இருக்கு. லெட்டர்ல மட்டும் ஃபான்ட் மாத்திடுவோம்."

எழுத்துருவை மாற்றுவதாகச் சொன்ன அந்த மனிதரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நிராகரித்ததற்கான உள்குறிப்புகளைக் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது. கனடாவிலேயே குடியிருக்கும் யாராவது மனுப் போட வேண்டும். கல்லூரித் தோழி ஒருத்தி போட்டுக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து வந்தது, அரைப் பக்கம்கூட இல்லை. கடிதத்தில் உள்ள பணிகள் அரசு இணையதள விவரணையின் வார்த்தைக்கு வார்த்தை நகல் என்றும், ஒரே ஆள் இத்தனையையும் இதே வரிசையில் செய்திருப்பார் என்று நம்புவதற்கில்லை என்றும், இந்த ஊழியர் உண்மையில் என்ன செய்தார் என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை என்றும் அந்த அதிகாரி எழுதியிருந்தார்.

மூன்றாவதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மேல் கோபமில்லாமல், கேலியில்லாமல், முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட நியாயமான கேள்வி. நான் என்ன செய்தேன்? பன்னிரண்டு வருடப் பள்ளியும் நான்கு வருடக் கல்லூரியும் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு அந்த அதிகாரியின் மேல் மரியாதை வந்தது. மற்ற எல்லோர் மேலும் இருந்த மரியாதை அதே வேகத்தில் போனது, என்னையும் சேர்த்து.

ஆலோசகரை விட்டுவிட்டு நானே மறுபடி விவரங்களைப் பதிந்தேன். அடுத்த அழைப்பு வந்தபோது எனக்கு முப்பது முடிய நான்கு மாதத்துக்கும் குறைவாக இருந்தது. முப்பதானதும் வயது மதிப்பெண் குறையத் தொடங்கும். எனக்கு விட்டுக்கொடுக்க உபரி எதுவும் கிடையாது. ஆக, இந்த அறுபது நாள் போனால் அநேகமாக எல்லாம் போயிற்று. மற்ற காகிதங்கள் தயாராக இருந்தன. வேண்டியது அந்த ஒரு கடிதம், இந்தத் தடவை உண்மையானது.

எழுதக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். வீட்டில் அம்மா ஒவ்வொரு அரை மணிக்கும் "எழுதிட்டியா" என்பாள். நூலகத்திலோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம். எனக்கு எதிரே இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான், இடையில் தடுக்கினால் கண்ணைத் திறந்து புத்தகத்தைப் பார்த்து மறுபடி மூடினான். மேஜைக்கு மேஜை அதே உதடுகள். அந்த இடத்தில் ஒரே ஒருத்தி தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பதினோரு வாக்கியம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் நான் எழுதியதையெல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 'பல்வேறு தரப்பினருடன் ஒருங்கிணைந்து உரிய தீர்வுகளை வழங்கினார்.' என் கையிலிருந்தே அந்த இணையதளம் வழிந்தது. மறுநாள் என் பழைய நோட்டுகளை எடுத்துப் போனேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தினமும் காலையில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி, முடிக்க முடிக்க டிக் போடுவது என் வழக்கம். சிரிப்பார்கள். நான்கு வருடம், ஏழு நோட்டு. அவற்றில் ஒரு டிக் கூட யாருக்கும் காட்டுவதற்காகப் போட்டதில்லை.

அதிலிருந்து எடுத்தேன். எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்துகொடுத்தது. தினமும் காலையில், இரவு ஓட வேண்டிய வேலைகள் எல்லாம் ஓடினவா என்று பார்த்தேன். ஒரு நோயாளியின் முடிவு இன்னொருவர் பெயரில் விழாமலிருக்க ஒரு சோதனை எழுதினேன். ஒரு கிளையின் எண்ணிக்கை தலைமையகத்துடன் பொருந்தாதபோது ஏன் என்று தேடினேன். பெரும்பாலும் யாராவது ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை பதிந்திருப்பார்கள். இப்படிப் பதினோரு வரிகள், இரண்டு பக்கம். எதுவும் பிரமாதமில்லை. ஆனால் நான் செய்தது.

நான்காவது வரி மட்டும் கொஞ்சம் பெரிது. பரிசோதனைக் கூடங்களின் பழைய தரவுகள் முழுவதையும் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலையை இவரே திட்டமிட்டு, நான்கு நாள் விடுமுறையில், ஒரு முடிவும் தொலையாமல், தனியாகச் செய்து முடித்தார் என்று இருந்தது.

அந்த நான்கு நாள் பொங்கல் விடுமுறை. கூடங்களில் கூட்டம் குறைவாக இருப்பது அப்போதுதான். போகி காலையில் அலுவலகத்துக்குள் போய், காணும் பொங்கல் மாலையில் முடித்தேன். மேலாளர் குடும்பத்துடன் ஏற்காட்டில் இருந்தார். நான்கு நாளில் அவரிடமிருந்து போனில் வந்த செய்திகள் நான்கு: போகியன்று 'ஆல் தி பெஸ்ட்'. பொங்கலன்று படகில் எடுத்த ஒரு படம், தவறிப்போய் எனக்கும் வந்தது. மாட்டுப் பொங்கலன்று ஒரு கட்டைவிரல் குறி. கடைசி நாள், 'டன்?' என்று ஒரு சொல். அந்த வருட ஆண்டு விழாவில் அந்த வேலைக்காக அவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், அடுத்த மாதம் பதவி உயர்வும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். யாரும் என்னைத் தட்டச் சொல்லவில்லை.

கடிதத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். அதே பெண். மறுப்பில்லாமல் கம்பெனித் தாளில் அச்சிட்டு, கையெழுத்துக்கு முன்னாலேயே முத்திரையும் வைத்து, வாசலில் வந்து கொடுத்தாள்.

"மேம், இந்தத் தாள்ல சீரியல் நம்பர் இருக்கு. வேலையை விட்டவங்களுக்கு ஒரு தடவைதான் கொடுப்போம். நீங்க ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டீங்க, இது எக்ஸெப்ஷன்ல வாங்கியிருக்கேன். தொலைச்சிடாதீங்க. இன்னொண்ணுன்னா டெலிவரி ஹெட் வரைக்கும் போகணும், எதுக்குன்னு எழுதிக் கொடுக்கணும்."

"சரி. இதைப் படிச்சீங்களா?"

"எதை மேம்?"

மேலாளர் அடையாறில் ஓர் ஓட்டலுக்கு வரச் சொன்னார். ஞாயிறு, பதினோரு மணி. அறுபதில் நாற்பத்தெட்டு நாள் போயிருந்தது. கோவில் பிரசாதப் பொட்டலமும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். கொஞ்சம் பருத்திருந்தார்.

"இன்னுமா போகல? நீ போயாச்சுன்னு நெனச்சேன். ரெண்டு காபி சொல்லும்மா. எங்க போடணும்?"

இரண்டாம் பக்கத்தின் அடியைக் காட்டினேன். பேனாவைத் திறந்தார். அப்புறம் நின்றார்.

"ரெண்டு பக்கமா இருக்கே. போன தடவை ஒரு பக்கம்தானே?"

"இது வேற சார்."

நீளம்தான் அவரைப் படிக்க வைத்தது. கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். முதல் மூன்று வரியில் விரல் சீராக நகர்ந்தது. நான்காவதில் நின்றுவிட்டது.

"தனியாவா?"

"ஆமா சார்."

"டீம் எஃபர்ட்மா அது."

"டீம்ல யார் யார் சார்?"

காபி வந்தது. டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே தேவைக்கு மேல் ஆற்றினார்.

"நான் கைட் பண்ணேன்ல."

அந்தப் படகுப் படத்தில் அவர் துடுப்பைப் பிடித்திருந்தார், போட்டுக்கொண்டிருந்தது படகுக்காரர்தான்.

"ஆபீஸ்ல யாராவது பாத்தா தப்பா போயிடும்மா."

"கனடால ஒருத்தர் பாப்பாரு சார். அவ்வளவுதான்."

"இருந்தாலும். கையெழுத்துன்னா கையெழுத்து. பொறுப்பு இருக்கில்ல?" என்றார், காரின் மீது வைத்துப் போட்டவர். பிறகு முகம் தெளிந்தது. "பழைய லெட்டர் இருக்குல்ல? அதையே கொடேன். இப்பவே போட்டுத் தரேன். அது பொதுவா, நீட்டா இருந்துது."

"அதுல இருந்த ஏழு வேலை நான் செஞ்சதே இல்ல சார்."

"அதுக்கென்ன."

இந்தப் பேச்சை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், கன்சல்டன்சியில், வேறு வார்த்தைகளில். பொய்யில் கையெழுத்துப் போட அவருக்குப் பேனா தேவைப்பட்டது, அவ்வளவே. உண்மை என்றதும் பொறுப்பு, அலுவலகம், குழு எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

"சரி, ஒண்ணு பண்ணு. அந்த நாலாவது பாயிண்ட மட்டும் எடுத்துட்டு வேற பிரிண்ட் போட்டுட்டு வா."

"தாள்ல நம்பர் இருக்கு சார். இன்னொரு தாள் வேணும்னா டெலிவரி ஹெட்கிட்ட போகணும். காரணம் எழுதணும்."

"என்ன காரணம்?"

"நீங்க இப்ப சொன்னதைத்தான் எழுதணும்."

மேலாளருக்கும் மேலதிகாரியான டெலிவரி ஹெட்தான் அவருக்கு அந்தக் கேடயத்தைக் கொடுத்தவர். மேலாளர் காபியைக் கீழே வைத்தார்.

"அப்ப பேனால அடிச்சிடு."

"நான் அடிக்கக் கூடாது சார். கையெழுத்துப் போடறவர்தான் அடிக்கணும். அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல சின்னக் கையெழுத்து, தேதி."

இது அவருக்குத் தெரியாததல்ல. நம் ஊரில் பள்ளி விண்ணப்பத்திலிருந்து வீட்டுப் பத்திரம் வரை அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து வேண்டும். அது இல்லை என்று எங்கள் வாராந்திர வேலைப் பட்டியல்களை அவரே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். படிக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய பிழை என்பதால் அவருக்கு அது பிடிக்கும்.

பேனாவை எடுத்து நான்காவது வரியின் தொடக்கத்தில் வைத்தார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கோடு போட்டிருந்தால் எனக்கு அந்தக் கடிதம்தான் கதி. அடித்த வரியுடன் அது போகும். போகிற இடத்தில் இருப்பவர் படிக்கிறவர். ஏற்கெனவே என்னை நம்பாத அலுவலகம். என் வேலையிலேயே பெரியதை என் மேலாளரே அடித்துக் கையெழுத்திட்டு மறுத்திருக்கிறார் என்று அங்கே தெரியும். பன்னிரண்டு நாளில் வேறு வழி தேட முடியாது. மேஜைக்கடியில் என் கட்டைவிரல் நகம் சுண்டுவிரலில் பதிந்து இரண்டு நாள் தழும்பாக இருந்தது.

"அடிச்சா அசிங்கமா தெரியும்ல?" என்றார்.

"ஆமா சார். அடிச்ச வரியைத்தான் எல்லாரும் முதல்ல படிப்பாங்க."

பேனா அங்கேயே நின்றது. ஒரு துளி மை வரியின் ஓரத்தில் புள்ளியாக விழுந்தது. அந்த மனிதர் தன் கைப்பட ஒரு கோடு போட்டால், அதன் அடியில் எல்லாமே தெளிவாகத் தெரிய, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளும் தேதியுமாக நிரந்தரமாக நின்றுவிடப்போகிற அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்துக்கும் போடச் சொன்னேன். போட்டார்.

எழுந்திருக்கும்போது சகஜமாகிவிட்டார். "போய் செட்டில் ஆயிட்டு சொல்லும்மா. என் பொண்ணும் அங்கதான் மாஸ்டர்ஸ் பண்ணணுங்கறா. நீ கொஞ்சம் கைட் பண்ணணும்."

அவரை இளக்காரமாக நினைப்பது எனக்குச் சுலபம், அதனால் அதை நீட்டிக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னை அரித்தது வேறு. 'டீம்ல யார் யார் சார்' என்ற அந்தக் கேள்வியை நான் ஆண்டு விழா மறுநாளே கேட்டிருக்கலாம். கேட்க ஒரு வெளிநாட்டு அதிகாரி என்னை நிராகரிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஸ்கேனரைத் தேடினேன். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு மேற்பார்வையாளர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அதே கடை. ஞாயிறு அவருக்கு விடுமுறை கிடையாது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நான் திரும்பியபோது கடிதம் அவர் கையில் இருந்தது. சரக்கு வந்தால் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அப்படி ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் விரல் வைத்துப் போய்க்கொண்டிருந்தார். யார் கேட்டாலும் 'கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யுதா' என்பதுதான் என் வேலையைப் பற்றி அவர் சொல்வது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"நாலு நாள் லீவுன்னு போட்டிருக்கே. அந்தப் பொங்கலுக்கு நீ ஊருக்கு வரலைல்லா, அதுவா?"

"ஆமாப்பா."

"உனக்குக் காய்ச்சல்னு சொன்னேன் எல்லார்ட்டயும்." விரல் நான்காவது வரியிலேயே இருந்தது. "ஒத்தையிலயா செஞ்ச?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

பிறகு மேலாளரின் கையெழுத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்த ஆளு படிச்சுட்டுத்தான் போட்டானா?"

"படிச்சாருப்பா. வேற வழியில்லாம."

அப்பா சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அம்மா காகிதத்தை மயிலாப்பூருக்கு எடுத்துப்போகக் கேட்டாள். ஸ்கேன் செய்த பிறகு ஒரு நகலைக் கொடுத்தேன். மஞ்சள் இந்தத் தடவை நகலில் மட்டும் பட்டது.

ஐம்பதாவது நாள் விண்ணப்பம் போனது. ஏழு மாதம் கழித்து அனுமதி வந்தது. அதில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அந்த அரைப் பக்கத்தைப் போல இன்னொன்றை எதிர்பார்த்துவிட்டேன்.

இது தி. நகர்வரை எப்படிப் போனதென்று தெரியாது. ஆலோசகர் போன் செய்தார்.

"கங்க்ராட்ஸ் மேடம். பாஸ்போர்ட்டக் கையில புடிச்சிக்கிட்டு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. நம்ம ரிசப்ஷன் வால்ல மாட்டறோம்."

"நான் உங்க மூலமா போகலையே."

"ஆரம்பிச்சது நம்மகிட்டதானே மேடம். லெட்டர் நம்ம ஃபார்மட்தானே?"

டொரண்டோவில் இப்போது மணி என்ன என்று கேட்டேன். அவர் உண்மையாகவே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "ரெண்டேகால் மேடம்," என்றார். வைத்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா, கடையில் காட்ட ஒரு நகல் வேண்டும் என்றார். விசா ஒட்டிய பக்கத்தை நகலெடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இல்லம்மா. நாலாவது வரி இருக்குல்லா, அந்தத் தாளு."